குடிக்காதவனின் மயக்கம்

கற்பிட்டியிலிருந்து வரும் பஸ் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் புத்தளம். வலப்பக்கம் திரும்பினால் சிலாபம், அதையும் தாண்டிக் கொழும்பு. இருபத்திரண்டு வருடமாக நான் இடப்பக்கம்தான் திருப்பி வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சீட்டெல்லாம் நிறைந்து படியிலும் ஆட்கள் நின்ற பஸ்ஸை வலப்பக்கம் திருப்பினேன்.

பிழையாகத் திருப்பியது எனக்குத் தெரியவில்லை. மறதியாக ஒன்றைச் செய்தால் சற்று நேரத்தில் நாக்கைக் கடித்துக்கொள்வோம் அல்லவா, அப்படி ஒன்றும் இல்லை. ரோடு நேராகக் கிடந்தது. வண்டி ஓடியது. மனம் நிம்மதியாக இருந்தது.

என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் கொண்டக்டர் ரிஸ்வான் ஆட்களை இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

"நானா, எங்க போறீங்க?"

"புத்தளத்துக்கு."

"இது சிலாபம் ரோட். ஓரமா நிப்பாட்டுங்க நானா."

நான் நிறுத்தவில்லை. இவன் எதற்கு இப்படிக் கதைக்கிறான் என்று எரிச்சல்தான் வந்தது. அவன் குனிந்து ஸ்டியரிங்கில் கை வைத்தபோது பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின்னால் வந்த லொறி ஹோர்னை அழுத்தியபடி எங்களை உரசுவதுபோல் விலகிப் போனது. முன்சக்கரம் ரோட்டோர மண்ணில் இறங்கி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. கைக்குழந்தையோடு முன்சீட்டில் இருந்த ஒரு பெண் அழத் தொடங்கினாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "டிரைவர் குடிச்சிரிக்கான்."

ரிஸ்வான் என் முகத்துக்கு அருகில் வந்து மூச்சை இழுத்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது. சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

நான் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டவன் இல்லை. என் பெயர் ஹனீபா. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு இருபது வயது. கற்பிட்டிப் பக்கத்து ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, அங்கேயே ஜெமீலாவைக் கல்யாணம் முடித்து, அங்கேயே கல்வீடு கட்டி, ஒரே மகளைப் புத்தளத்தில் கட்டிக்கொடுத்தேன். யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிய சொந்தக்காரர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு எங்கே போவது என்று இருந்துவிட்டேன். பத்து வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு, உண்டு. மாத்திரை போட்டேன், போடாமலும் விட்டேன். வேறு நோய் எதுவும் எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பின்னால் யோசித்தால், அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட்டது. பகலில் தூக்கம் தலையைச் சாய்க்கும். இரவில் கண் மூடாது. ட்ரிப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும்போது என் பெயரின் கடைசி எழுத்து எது என்று பேனா நிற்கும். சேர்ட்டைப் புறம் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பது தவறியது. எல்லாவற்றையும்விட, கோபம். நான் கோபக்காரன் இல்லை. பஸ் ஓட்டுகிறவனுக்குக் கோபம் வந்தால் ஒருநாளும் வீடு வந்து சேரமாட்டான். அப்படிப்பட்டவன் ஒரு மத்தியானம் கறியில் உப்புக் குறைவு என்று சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்து, ஜெமீலாவை ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். அன்றே ஒரு மணி நேரம் கழித்து ஒரு காரணமும் இல்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.

பஸ் மண்ணில் இறங்கிய அன்று மாலையே முதலாளி ஆள் அனுப்பினார், இனி வரவேண்டாம் என்று. அதற்கடுத்த நாள் பள்ளி நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

"மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்ய வாசல் திறந்துதான் இரிக்கு ஹனீபா. மனுசனுக்குச் சறுக்கல் வாறதுதான்."

நான் குடிக்கவில்லை என்று சொல்ல எழுந்தேன். நாக்கு தடித்துக் கிடந்தது. சொல் குழறியது. கதிரையில் கால் இடறிச் சாய்ந்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை ஜெமீலா பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

யாரோ ஜின் பார்வை என்று சொல்லித் தண்ணீர் ஓதித் தந்தார்கள். குடித்தேன். யாரோ மன அழுத்தம் என்றார்கள். ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனார்கள். இரவில் தூங்குவதில்லை, அழுகிறேன், கோபப்படுகிறேன் என்று கேட்ட அவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். நாங்கள் சொன்னதைக் கேட்டால் யாரும் அதைத்தான் எழுதுவார்கள். இரண்டு நாள் போட்டேன். மூன்றாம் நாள் காலை ஜெமீலா உலுக்கியும் நான் எழும்பவில்லை.

இனி வருவது அவள் சொல்லி நான் அறிந்தது. அவள் ரிஸ்வானுக்கு அழைத்தாள். அவன் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றியதும் முதல் கேள்வி, "குடிப்பாரா?"

"இல்ல," என்றாள் ஜெமீலா.

கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் கேட்டார். அப்போதும் இல்லை என்றாள். மூன்றாம் முறை கேட்டவர் ஒரு பெண் டொக்டர். சிங்களவர். மன்னாரில் இரண்டு வருடம் வேலை செய்தபோது பழகிய தமிழ் அவருடையது. அவர் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் குனிந்து என் மூச்சை மணந்து பார்த்தார். ரிஸ்வான் பக்கத்தில் நின்றான்.

"இது சாராய மணம் இல்ல," என்றார் டொக்டர். "வேற மணம். பழம் அழுகின மாதிரி, இனிப்பா. ஈரல் பழுதானவங்களுக்கு வரும்." பிறகு ஜெமீலாவைப் பார்த்து, "கடைசியா எப்ப வெளிக்குப் போனார்?" என்று கேட்டார்.

புருஷன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து நிற்பவளிடம் இதைக் கேட்டால் அவளுக்கு என்ன தோன்றும்? ரிஸ்வான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜெமீலா விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள். ஐந்து நாள்.

"அதுதான்," என்றார் டொக்டர்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, கட்டி இல்லை. மூளை நன்றாகத்தான் இருந்தது. பிறகு வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் சுருங்கி, மேடும் பள்ளமுமாக, தழும்பு பிடித்துக் கிடந்தது. மருந்தைப் பின்வழியாகக் குழாயில் ஏற்றிக் குடலைச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் பின்னேரம் எனக்குக் கண் திறந்தது. கட்டில் வரிசைகளையும் நடமாடும் ஆட்களையும் பார்த்துவிட்டுத் தாதியிடம், "மிஸ், இது எந்த ஸ்டாண்ட்?" என்று கேட்டேனாம். ஜெமீலா அழுததும் சிரித்ததும் ஒரே நேரத்தில் என்று மகள் இன்றைக்கும் சொல்வாள்.

என் தலை தெளிய நான்கு நாள் எடுத்தது. தெளிவது ஒரேயடியாக நடக்கவில்லை. காலையில் டொக்டர் வந்து, "பஸ்ஸை மறிக்கிற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க அங்கிள்," என்பார். கையை நீட்டி, மணிக்கட்டை மேலே நிமிர்த்தி, விரலை விரித்துப் பிடிக்க வேண்டும். நான் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் கைகள் தாமாக விழுந்து விழுந்து எழும்பும், ஈரச் சிறகைக் காகம் உதறுவதுபோல. நிறுத்து என்று நான் சொன்னாலும் அவை கேட்பதில்லை. அடுத்து ஒரு தாள் தருவார்கள். அதில் வட்டத்துக்குள் இலக்கங்கள் சிதறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு என்று கோடு இழுக்க வேண்டும். முதல் நாள் ஏழுக்குப் பிறகு என்ன என்று தெரியாமல் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் அது எனக்குக் கவலையாகவும் தெரியவில்லை. கவலைப்படுவதற்கும் மூளை வேலை செய்ய வேண்டும்.

ஐந்தாம் நாள் டொக்டர் கட்டிலருகில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஜெமீலாவையும் உட்காரச் சொன்னார்.

"குடலுக்குள்ள கணக்கில்லாமக் கிருமி இரிக்கு அங்கிள். எல்லாருக்கும் இரிக்கு. கெட்டது இல்ல, அதுகள் இல்லாட்டிச் சாப்பாடு ஒழுங்காச் சமிக்காது. நாங்க சாப்பிடுற இறைச்சி, மீன், பருப்பு எல்லாத்தையும் அதுகளும் உடைக்குது. உடைக்கயில அமோனியா எண்டு ஒரு கழிவு வருது. பழைய கக்கூஸ்ல மூக்கில அடிக்குமே, அந்த மணம்தான்."

"அது என்ட தலைக்கு ஏன் வரணும்?"

"வயித்து ரத்தம் எல்லாம் முதல்ல ஈரலுக்குத்தான் போகும். ஈரல் ஒரு செக்பொயின்ட். நஞ்சை அங்க மறிச்சுப் பிடிச்சிட்டு நல்லதை மட்டும் மேல அனுப்பும். உங்கட செக்பொயின்ட்ல இப்ப ஆள் இல்ல. அமோனியா நேரா மூளைக்குப் போகுது. மலச்சிக்கல் வந்தா இன்னும் கூடப் போகும். தூக்க மாத்திரையும் சேர்ந்தா ஆள் மயங்கிடும்."

எத்தனையோ செக்பொயின்ட்டில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வெயிலில் வரிசையில் நின்று ஏறியவன் நான். ஒரு செக்பொயின்ட் இல்லாமல் போனதற்காகக் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

"நான் குடிக்கிறதில்லையே டொக்டர். ஈரல் எப்பிடிப் பழுதாகும்?"

"சீனியாலயும் பழுதாகும். ஈரல்ல கொழுப்புப் படிஞ்சு, புண்ணாகி, ஆறி, தழும்பாகும். நோவு இல்லாமலே வருஷக்கணக்கா நடக்கும். குடிக்காதவங்க நிறையப் பேர் இப்பிடி வாறாங்க."

ஜெமீலா கேட்டாள். "அப்ப அந்தக் கோபம், அழுகை? அதுவும் கிருமியாலயா?"

டொக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அங்கிளுக்கு வந்தது பெரும்பாலும் இந்த வருத்தத்தாலதான். குடலும் மூளையும் எப்பவும் ஒண்டோட ஒண்டு கதைச்சிக்கொண்டுதான் இரிக்கு. பயம் வந்தா வயித்தைக் கலக்குதே, அது மூளை குடலுக்குச் சொல்றது. குடல் மூளைக்கும் சொல்லும். ஆனா ஈரல் நல்லா இரிக்கிறவங்களோட மனசை இந்தக் கிருமிகள் எவ்வளவு மாத்துது, கவலை, மனச்சோர்வு எல்லாம் எவ்வளவு அதால வருது எண்டு இன்னும் ஆராய்ச்சிதான் செய்றாங்க. அதைச் சொல்லிப் பவுடர் வித்தா வாங்கவேணாம்."

மருந்து ஒரு பாணி. லாக்டுலோஸ் என்பது அதன் பெயர். ஒட்டும், சகிக்க முடியாத இனிப்பு. அது உடம்பில் சேராத ஒரு சீனியாம். குடல்வரை அப்படியே போய், அங்கிருக்கும் கிருமிகளுக்குத் தீனியாகி, குடலைப் புளிக்க வைத்து, அமோனியாவை ரத்தத்துக்குப் போகவிடாமல் கட்டி வெளியே தள்ளும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும். ஒன்று என்றால் பாணியைக் கூட்டு. ஐந்து ஆறு என்றால் குறை. குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும் ஒரு மாத்திரையும் தந்தார்கள். மீன், முட்டையை நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட வேண்டும் என்றார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கருவாடு கூடாது. உப்பு விளைகிற ஊர்க்காரனுக்கு அது பெரிய தண்டனைதான். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் வீங்கியிருக்கின்றனவா என்றும் சோதித்தார்கள். சிறிதாக இருந்தன. அதற்கும் ஒரு மாத்திரை.

என் பக்கத்துக் கட்டிலில் அன்ரனி இருந்தார். சிலாபத்துக்கு அப்பால் கடற்கரைக் கிராமத்து மீனவர். அறுபது வயது. அவருக்கும் அதே நோய், அதே பாணி. ஆனால் அவருக்கு வந்தது குடியால். அவரே அதை ஒளிக்காமல் சொன்னார். வயிறு நீர் கோத்துப் பானைபோல் இருந்தது. கண்கள் மஞ்சள். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை.

தலை தெளியத் தெளிய எனக்கு வந்த முதல் உணர்ச்சி வெட்கம். இந்த ஆளுக்குப் பக்கத்தில் என்னைப் போட்டிருக்கிறார்களே, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. ஜெமீலாவிடம், "வேற கட்டில் கேளு," என்றேன்.

"எதுக்கு?"

"கேளேன்."

அவள் கேட்கவில்லை. மத்தியானம் மகள் கொண்டுவந்த இடியப்பத்தையும் மீன் சொதியையும் மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றை அன்ரனிக்குக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, "உப்பு இல்லையே தங்கச்சி," என்றார்.

"உங்க ரெண்டு பேருக்கும் இல்ல," என்றாள் ஜெமீலா.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவள் என் காலடியில் உட்கார்ந்து, எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். பிறகு சொன்னாள்.

"நானும் சந்தேகப்பட்டன்."

"எதை?"

"நீங்க தூங்கயில வாயை மணந்து பார்த்தன். பஸ்ல கொண்டுபோற பையைக் கிளறினன். கூரைச் சீலிங்குக்கு மேலயும் பார்த்தன், போத்தல் ஒளிச்சி வெச்சிரிக்கீங்களா எண்டு. பள்ளி ஆக்கள் வந்து போன பிறகு. ஆஸ்பத்திரியில மூணு தரமும் இல்ல எண்டு சொன்னன்தானே, எனக்கே நிச்சயம் இல்லாமத்தான் சொன்னன்."

கோபம் வரவில்லை. என் வீட்டில் என்னோடு இருபத்தைந்து வருடம் இருந்தவளுக்கே நான் அந்நியனாகிப் போயிருந்தேன். அப்படியிருக்க அவள் எதை நம்புவாள்?

"அந்த வார்த்தைக்கு மாப் பண்ணு," என்றேன். கோப்பை எறிந்த அன்று சொன்ன வார்த்தை. எனக்கு நினைவிருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"அது கிருமி சொன்னது எண்டு விட்டுட்டன்," என்றாள்.

"கிருமிக்கு வாய் இல்ல. வாய் என்டதுதான்."

அவள் என் காலைப் போர்வையால் மூடிவிட்டுப் போனாள்.

எட்டாம் நாள் ரிஸ்வான் வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு நின்றான். நான் இருக்கச் சொன்ன பிறகுதான் இருந்தான்.

"வாயில வாடை வந்திச்சி எண்டு முதலாளிக்கிட்ட நான்தான் சொன்னன் நானா."

"வந்திச்சிதானே. உள்ளதைத்தான் சொன்னாய்."

"என்ன வாடை எண்டு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது ரிஸ்வான். நீ சாவியைக் கழட்டினாய். கழட்டாட்டி அந்தக் குழந்தைக்காரி என்ன ஆகியிருப்பாள்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி மனம் மாறியிருக்கிறார், டொக்டரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் திரும்பவும் வேலைக்குச் சேர்ப்பாராம் என்று சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. வீட்டுக்குப் போகும் நாள் டொக்டர் மருந்து எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஒரு கடிதம் வேணும் டொக்டர். நான் குடிக்கிறவன் இல்ல எண்டு. தெளிவா எழுதித் தாங்க. பள்ளியில காட்டணும், முதலாளிக்கும் காட்டணும். எனக்கு வந்தது குடிகாரன்ட வருத்தம் இல்ல எண்டு எல்லாருக்கும் தெரியணும்."

பக்கத்துக் கட்டிலில் அன்ரனி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பாமலே சொன்னார். "எனக்கும் ஒண்டு எழுதுங்க டொக்டர். இவன் குடிகாரன்தான், இவனுக்கு வந்தது சரிதான் எண்டு."

அவர் குரலில் கோபமில்லை. சும்மா சொன்னதுபோல்தான் சொன்னார். டொக்டரின் பேனா நின்றது. என் முகம் சுட்டது.

"ரெண்டு பேர்ட ஈரலும் ஒரே மாதிரித்தான் இரிக்கு," என்றார் டொக்டர். பிறகு எனக்குக் கடிதம் எழுதித் தந்தார். அதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, நான் மது அருந்துபவன் அல்ல. மற்றது, நான் இனி ஆட்களை ஏற்றி வாகனம் ஓட்டக் கூடாது.

இரண்டாவதை அவர் எனக்கு விளக்கிச் சொன்னார். "திரும்ப வரலாம் அங்கிள். வரயில உங்களுக்குத் தெரியாது. அதுதான் இந்த வருத்தத்தில பிரச்சினை. மயங்குற மூளையாலதானே மயக்கத்தைக் கண்டுபிடிக்கணும்."

சிலாபம் ரோட்டில் எனக்கிருந்த நிம்மதியை நினைத்தேன். கடிதத்தை மடித்துச் சேர்ட் பையில் வைத்தேன்.

கடிதத்தைப் பள்ளியில் காட்டவில்லை. ஜெமீலா ஏன் என்று கேட்டபோது, அன்ரனி கேட்ட கடிதத்தை யார் எழுதுவது என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, வீட்டுக்கு வந்த அந்த இரண்டு பேரிடமும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். குடல், கிருமி, ஈரல், பாணி எல்லாவற்றையும். ஒருவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர் மெதுவாக, "ஹனீபா, எனக்கும் சீனி இரிக்கு. ஈரலை எப்பிடிப் பார்க்கிறது?" என்று கேட்டார். முதலாளியிடம் மட்டும் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் முதல் வரியை வாசித்து மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது வரியை வாசித்துக் கடிதத்தை மடித்து வைத்தார். கற்பிட்டி ஸ்டாண்டில் பஸ்களுக்கு நேரம் குறிக்கும் வேலையை வாங்கித் தந்தார். முதல் மாதம் ஒவ்வொரு பஸ்ஸும் புறப்படும்போது என் வலக்கால் தானாக அழுந்தும். இப்போது குறைந்துவிட்டது.

வீட்டில் வாழ்க்கை பாணியைச் சுற்றி ஓடியது. "இண்டைக்கு எத்தனை?" என்று ஜெமீலா கேட்பாள். முதலில் வெட்கப்பட்டேன். பிறகு வாசலில் ஆள் நிற்கும்போதே விரலைக் காட்டப் பழகிவிட்டேன். இதை வாசிப்பவர்களில் யாருக்காவது வீட்டில் ஓர் ஆள் பகலில் தூங்கி இரவில் விழித்து, குணம் மாறி, நாக்குக் குழறி நடந்தால், குடி என்றோ பைத்தியம் என்றோ ஜின் என்றோ முடிவெடுக்குமுன் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். வயிற்றைப் பற்றியும் கேளுங்கள். மூளை குழம்பினால் காரணம் மூளையிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. இதை நான் எழுதுவது முக்கியமாக அதற்காகத்தான்.

மாதம் ஒரு தடவை கிளினிக்கில் அன்ரனியைக் காண்பேன். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். குடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். நான் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தேன். வயிறு வற்றியிருந்தது. நான்காம் மாதம் அவர் வரவில்லை. நம்பர் கூப்பிட்டார்கள், பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. மருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் ஜெமீலாவிடம், "போய்ப் பார்த்திட்டுப் போவமா?" என்றேன். அவள் அதற்கு முன்பே சிலாபம் பஸ் நிற்கும் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

கிராமத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். மகன் வலை தைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். அப்பா எங்கே என்று கேட்டதற்கு வீட்டுக்குப் பின்னால் கை காட்டினான். "திரும்பவும் குடிச்சிட்டுக் கிடக்கிறார். இனி எங்களால ஏலாது."

அன்ரனி ஒரு பழைய தோணியின் நிழலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"அன்ரனி அண்ணன், பஸ் வருது. மறிங்க," என்றேன்.

கையை நீட்டினார். மணிக்கட்டு விழுந்தது, எழும்பியது, விழுந்தது.

ஜெமீலா மகனிடம் கேட்டாள். "பாணி குடுக்கிறீங்களா தம்பி?"

"முடிஞ்சு ஒரு கிழமை."

"வெளிக்குப் போனாரா?"

அவன் முறைத்தான். "எனக்கு எப்பிடித் தெரியும்?"

"இது குடி மயக்கம் இல்ல, வருத்தம்," என்றேன். "என்னையும் இப்பிடித்தான் சொன்னாங்க."

அவன் வலை ஊசியைக் கையில் வைத்தபடி தகப்பனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பினானோ இல்லையோ, ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒரு ஓட்டோவைக் கூட்டிவந்தான். அன்ரனியை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மகனும் நானும் பிடித்துக்கொண்டோம். ஜெமீலா பஸ்ஸில் பின்னால் வந்தாள்.

சிலாபம் ஆஸ்பத்திரியில் தாதி படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார், "குடிச்சிரிக்கிறாரா?"

மகன் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியாது. குடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் குடித்தாரா இல்லையா என்பது நான் கடிதம் வாங்கிய கேள்வி, அவரைக் காப்பாற்றும் கேள்வி இல்லை.

"அதை ரத்தத்தில பார்த்துக்கொள்ளுங்க மிஸ்," என்றேன். "ஈரல் வருத்தக்காரர், வெளிக்குப் போய் எத்தனை நாள் எண்டும் தெரியாது. பாணி முடிஞ்சு ஒரு கிழமை. அதை முதல்ல எழுதுங்க."

அவர் எழுதினார். கூட நிற்பவர் யார் என்ற இடத்தில் மகன் தன் பெயரைச் சொல்லிக் கையொப்பம் வைத்தான். நாங்கள் கடைசி பஸ்ஸுக்கு முன் புறப்பட்டோம்.

மூன்றாம் நாள் ஸ்டாண்டில் நான் நேரப் புத்தகத்தோடு நின்றபோது மகனின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கதைத்தது அன்ரனி.

"ஹனீபா, நான் குடிக்கயில்ல. பாணி முடிஞ்சிது, வாங்கப் போகச் சோம்பல். அவ்வளவுதான். ரத்தத்திலயும் ஒண்டும் இல்லையாம். வேற ஆரும் நம்பாட்டியும் பரவாயில்ல, நீ நம்பு."

"நம்புறன் அண்ணன்," என்றேன். "குடிச்சிரிந்தாலும் கூட்டிக்கொண்டுதான் போயிரிப்பன்."